டிக்கியின் வாய்

எஸ்கிஷெஹிர். பிப்ரவரி. சனிக்கிழமை.
வெளியே பனி சேறாகிக் கிடக்கிறது.
உள்ளே, காலையிலிருந்து ஐந்து முறை நான் துடைத்த
புது செடான்
சுழல்மேடையில் மெல்லத் திரும்பித் திரும்பித்
தன்னைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

மூக்கும் முழியுமாக இருக்கிறது என்று
தலைமையகத்திலிருந்து வந்தவர் சொல்லிவிட்டுப் போனார்.
எனக்கு அந்த மூக்கு பிடிக்கவில்லை.
முகம் முழுக்க கிரில்.
தும்மப் போனவன் கடைசி நொடியில்
அடக்கிக்கொண்ட மாதிரி.
இதை யாரிடமும் சொல்வதில்லை.
விற்றால்தான் கமிஷன்.

பதினோரு மணிக்கு நெவ்ஸாத் குடும்பம் வந்தது.
அவர், மனைவி குல்சும், மச்சான் துன்சாய்,
சக்கர நாற்காலியில் மகள் பெரில், ஒன்பது வயது.

துன்சாய்க்கு எல்லாம் தெரியும்.
டயரை உதைத்தார்.
கதவைச் சாத்திச் சாத்திக் காது கொடுத்தார்,
தர்பூசணி வாங்குபவர்போல.
"தகரம்" என்றார். பிறகு இரண்டடி தள்ளி நின்று,
"ஆனால் பக்கவாட்டில் பாருங்கள், பாய்கிறது!"
"நிற்கும்போதே பாய்கிற வண்டிக்கு
பெட்ரோல் எதற்கு?" என்றார் குல்சும்.

நெவ்ஸாத் விலைச்சீட்டின் முன்னால் நின்றார்.
பூஜ்யங்களை எண்ணும்போது உதடு அசைந்தது.
போன மாதம் வேறு சீட்டு, அதற்கு முந்தைய மாதம் வேறு.
ஒட்டுவதும் உரிப்பதும் என் வேலைதான்.
பழைய பசை
கண்ணாடியை விட்டுப் போவதே இல்லை.

நான் மனப்பாடத்தை ஒப்பித்தேன்.
சரிந்திறங்கும் கூரை,
கதவுப்பிடிக்குள் நீல வெளிச்சம்,
டிக்கி ஐந்நூற்று இருபது லிட்டர்.
"நான் எத்தனை லிட்டர்?" என்று கேட்டாள் பெரில்.
துன்சாய் சிரித்தார்.
குல்சும் சிரிக்கவில்லை.
கோட்டுப் பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தார்.

பெரிலை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்த்தினோம்.
டிக்கியைத் திறந்தேன்.
வயிறு என்னவோ பெரிய வயிறுதான்,
ஒரு கல்யாணத்துப் பாத்திரங்கள் கொள்ளும்.
வாய்தான்.
பாய்கிற அழகுக்காகக் கூரை சரிந்துகொண்டே வந்து
பின்கண்ணாடி டிக்கிமேல் படுத்துவிட்டதில்
தபால்பெட்டி வாயாகிவிட்டது.
நாற்காலியை மடித்தோம். சாய்த்தோம்.
ஒரு சக்கரத்தைக் கழற்றினோம்.
நான்கு விரற்கடை இடித்தது.
நான்கே விரற்கடை.
பம்பரில் ஒரு கீறல் விழுந்தது,
யாரும் பார்க்கவில்லை என்று
எல்லோரும் முடிவுசெய்தோம்.

எங்கோ ஒரு திரையில் யாரோ வரைந்த கோடு அது.
நல்ல கோடு, பொய் சொல்ல மாட்டேன்.
கடை பூட்டும் முன்
வெளிச்சம் அதன்மேல் வழுக்கிப் போவதை
நின்று பார்த்திருக்கிறேன்.
வரைந்தவருக்கு அன்றைக்கு
நாற்காலி நினைவுக்கு வரவில்லை. அவ்வளவுதான்.
வந்திருந்தால் கோடு கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கும்,
துன்சாய் "பாயவில்லையே" என்றிருப்பார்.

பின்கட்டில் போன வருட மாடல் ஒன்று நிற்கிறது.
பருப்பு சூப்பின் நிறம்.
பெட்டிக்குப் பின்னால் பெட்டி வைத்த மாதிரி.
எட்டு மாதமாக யாரும் கேட்கவில்லை.
கூட்டிப்போய்க் காட்டினேன்.
நாற்காலி உள்ளே போனது,
ஒரே மூச்சில், சக்கரம் கழற்றாமல்.
"இதைப் போய் எப்படி..." என்று துன்சாய் இழுத்தார்.
குல்சும் டிக்கியை மூடினார், திறந்தார், மூடினார்.
நெவ்ஸாத் முதல் முறையாக வாய் திறந்தார்:
"கால்மிதி இலவசமா?"
ஆனை வாங்குமுன்னே அங்குசத்துக்குப் பேரம்.
தருகிறேன் என்றேன்.
அப்புறம் விலை சொன்னேன்.
பழசு என்பதற்காக எதுவும் குறைவதில்லை இப்போது.

"யோசித்துச் சொல்கிறோம்."
இந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று
எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.
ஆனால் குல்சும் அந்த வண்டியின் எண்ணை
டேப்பின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

வாசலில் பெரில் திரும்பி மேடையைப் பார்த்தாள்.
"அந்தப் புதுசு
தும்மப் போகிற மாதிரி இருக்கு."
சுற்றும்முற்றும் பார்த்தேன்.
மேலாளர் தொலைபேசியில் இருந்தார்.
"ஆமாம்" என்றேன்.

இப்போது மணி ஆறு.
மேடையை இன்னும் நிறுத்தவில்லை.
முகம் வருகிறது, கோடு வருகிறது,
அப்புறம் அந்தக் கீறல்.