அரைக் குளிசை

வல்லை வெளியில் நடந்தது.
நடுப்பகல், எதிர்க்காற்று.
பெட்டியில் பதினொரு பார்சல்.
ஒன்று கனடாவிலிருந்து உடுப்பிட்டிக்கு,
உடையும் சாமான் என்று சிவப்பில் எழுதியது.

வெளியே அவ்வளவு காற்று,
ஹெல்மெட்டுக்குள் மூச்சு முடிந்துவிட்டது.
நெஞ்சுக்குள் ஆரோ கதவை உதைக்க
விரல் மரத்து, பிரேக் எதுவென்று மறந்து
மோட்டார் சைக்கிளைத் தெருவோரம் போட்டேன்.
நிறுத்தவில்லை, போட்டேன்.
இதுதான் அப்ப, என்று நினைத்தேன்,
நாற்பத்தொரு வயதில்,
ஒரு கொக்கைத் தவிர ஒருத்தரும் பார்க்காமல்.

மந்திகை ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்தார்கள்.
தாள் நீளமாக வந்தது, பிழையொன்றும் இல்லாமல்.
"உங்கட இதயம் நல்லா இருக்கு."
நல்ல செய்தி கேட்டு
நான் வெட்கப்பட்டது அதுதான் முதல்தரம்.

வடமராட்சி லைனை றெஜினோல்டிடம் தள்ளிவிட்டேன்.
பதிலுக்கு அவன் தீவுப்பக்கத்தைத் தந்தான்:
பண்ணைப் பாலம், இரண்டு பக்கமும் கடல்.
மூன்றாம் தரம் வந்தது சலூன் கதிரையில்.
கழுத்தில் துணி கட்டியபடி
பாதி வெட்டிய தலையோடு எழும்பி ஓடினேன்.
ஒரு கிழமை தொப்பி.

கிளினிக் கொப்பியில் ஒரு சொல் எழுதினார்கள்.
பதகளிப்பு.
எனக்குத் தெரிந்த சொல்.
பால் பொங்க அம்மா ஓடிவரும்போது
அப்பா சொல்வார்: பதகளியாதை.
அந்தச் சின்ன அடுப்படிச் சொல்
எப்போது எனக்குள் வீடு கட்டிக் குடிவந்தது?

"பங்கருக்குள்ள படுத்து எழும்பின ஆக்கள் நாங்கள்.
இப்ப காத்துக்கோ பயம்?"
அதுவும் அப்பாதான்.
மிஸ் அனற்றாவிடம் இதைச் சொன்னேன்.
அவ எழுதவில்லை. பேனையை மூடி வைத்தா.

பார்மசிப் பெடியன் குளிசையின் பேரை
கடை முழுக்கக் கேட்க வாசித்தான்.
பின்னால் நின்றவர் மகளின் கணக்கு மாஸ்டர்.
தன் துண்டை அவர் இரண்டாக மடித்தார்,
பிறகு நாலாக.
அவர் பேரையும் பெடியன் வாசிப்பதற்குள்
நான் வெளியே வந்துவிட்டேன்.

சீரகப் போத்தலுக்குப் பின்னால் யசோதினி அதை வைத்தாள்.
இரவில் அரை.
பிளேட்டால் வெட்ட ஒரு பாதி எப்போதும் பெரிது.
பெரியதைப் பொல்லாத நாளுக்கென்று எடுத்துவைப்பேன்.
அப்படியொரு கணக்கு இல்லையென்று டொக்டர் சிரித்தார்.
பத்து நாள் நாக்கில் மணல்.
கனவில் பார்சல்கள், எல்லாவற்றிலும் என் விலாசம்.
பிறகொரு காலை
வேலியில் ஓணானைக் கண்டேன்.
அவ்வளவுதான். ஓர் ஓணானை, ஓணானாக.

செவ்வாய்க்கிழமைகளில் மிஸ் அனற்றா
என்னைச் சுழல் கதிரையில் இருத்திச் சுற்றிவிடுவா.
ஸ்ட்ரோவால் மட்டும் மூச்சுவிடச் சொல்லுவா.
மூன்று மாடி ஓடி ஏறச் சொல்லுவா.
"ஆரைத் தேடுறியள்?" என்றது ஒரு நேர்ஸ் பிள்ளை,
என்னத்தைச் சொல்ல.
நெஞ்சு அடிக்கும்.
"அடிக்கட்டும். பத்துக்கு எத்தனை?"
ஒன்பது.
"இருங்கோ."
எட்டரை.

வெளியையும் துண்டு துண்டாகத் தந்தா.
ஆவரங்கால் தாண்டி வெளி தொடங்கும் இடம்வரை, திரும்பு.
அடுத்த கிழமை இரண்டு கரண்ட் கம்பம்.
இடுப்பில் யசோதினியின் கையோடு ஐந்து.
கையில்லாமல் ஏழு,
ஏழாவதில் திரும்பி ஓடிவந்து
செவ்வாய்க்கிழமைக்கும் போகாமல்
போர்வைக்குள் கிடந்ததும் உண்டு.

நேற்றுப் பாலத்தில் நிறுத்தினேன்.
வந்தது. ஆறு. ஏழு.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
தண்ணீரைக் காற்று சுருட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
யசோதினிக்கு அனுப்பினேன்: பாலத்தில நிக்கிறன்.
பதில் வந்தது: சீனி முடிஞ்சுது. ஒரு கிலோ.
ஐந்து.

அந்த உடுப்பிட்டி வீட்டுக்கு
இன்றைக்கும் ஒரு பார்சல்.
நாயைக் கட்டியிருப்பார்களோ
என்று யோசித்துக்கொண்டே
ஸ்டார்ட் செய்தேன்.