ஹாலிடே

துவாஸில் பகலெல்லாம்
எண்ணெய்க் கப்பல்களின் அடிவயிற்றில்
பெயிண்டின் தடிப்பை அளப்பவள் நான்.
முந்நூறு மைக்ரான்.
இருபது குறைந்தாலும் சாக்பீஸால் ஒரு வட்டம்.
ரோலரோடு மறுபடி ஏறி வருவான் ஹபிபுல்,
வங்காளத்தில் என்னைத் திட்டிக்கொண்டே.

இன்று லீவு.
சுவா சூ காங், பன்னிரண்டாம் மாடி.
வாஷிங் மெஷின் மேல் தலைகுப்புறக் கிடக்கிறது
முழங்கை நீளப் படகு.

முதல் பூச்சை அப்படியே குடித்துவிட்டது பால்சா.
காய்ந்ததும் தடவினால் சொரசொரவென்று,
மரத்துக்கும் புல்லரிக்கும் போல.
நானூறாம் நம்பர் தாளை நனைத்துத் தேய்த்தேன்.
சாம்பல் நிறப் பால் வடிந்து
முழங்கையில் சொட்டியது.

இரண்டாவது பூச்சுக்கு மழை வந்தது.
ஈரப்பதம் தொண்ணூற்றொன்று.
யார்டாக இருந்தால் எண்பத்தைந்திலேயே
வேலையை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்திடுவேன்.
இங்கே ஃபேனைத் திருப்பினேன்,
தூசி ஒட்டுமென்று அணைத்தேன்,
மறுபடி திருப்பினேன்.

எதிர்வீட்டு ரொகாயா கதவைத் தட்டினாள்.
என்ன வாடை?
படகு என்றேன்.
மூக்கைப் பொத்தியபடி எட்டிப் பார்த்து
மலாயில் கேட்டாள்:
இதிலே யார் போவது?

பதில் சொல்லாமல் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

மூன்றாவது பூச்சு
தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபோது
மணி ஒன்றரை.
விளக்குகளை அணைத்தேன்.
கைப்பேசியின் டார்ச்சைத் தரையில் வைத்து
அதன்மேல் படகைக் கவிழ்த்தேன்.

மரம் முழுக்க மங்கலாய்ச் சிவந்தது,
விளக்கின்மேல் பொத்திய உள்ளங்கை மாதிரி.
அதில் மூன்று இடத்தில் மட்டும்
ஊசி ஊசியாய் வெளிச்சம்.

பூச்சு விட்டுப்போன இடத்துக்கு
எங்கள் யார்டில் பெயர் ஹாலிடே.
யார் வைத்த பெயரோ.
ஆறு வருடமாய் அடுத்தவர் ஹாலிடேயைத்
தேடித் தேடி வட்டம் போட்டவளுக்கு
ஒரே நாள் லீவில் சொந்தமாய் மூன்று.

வீட்டில் சாக்பீஸ் இல்லை.
புருவப் பென்சிலால் வட்டமிட்டேன்.

அடைக்கத்தான் வேண்டும்.
வெளிச்சம் வெளியேறும் வழியில்தான்
தண்ணீர் உள்ளே வரும்.
பல்குத்தும் குச்சி முனையில் ஒரு சொட்டு ரெசின்,
அவ்வளவுதான் வேலை.
இரண்டை அடைத்தேன்.

மூன்றாவதின் வெளிச்சம்
மூங்கில் கழியில் இன்னும் காயாமல் தொங்கும்
என் யூனிஃபார்மின் பையில்,
நாளைக்குச் சாக்பீஸ் வைக்கிற பையில்,
ஒரு கடுகளவு விழுந்திருந்தது.

குச்சியில் ரெசின் இறுகிக்கொண்டிருக்கிறது.
ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்.
இன்னும் கொஞ்ச நேரம்
இருக்கட்டும்.