இதர செலவு

மாங்குளம் கந்தோர் வளவில்
ஓடிற்காரர் ரயர் எண்ணினார்கள்.
ஒன்று குறைய,
மூன்று பக்க விளக்கம் கேட்டார்கள்.

வவுச்சர் கட்டைப் புரட்டினார்கள்:
இதர செலவு, இரண்டு இலட்சம்,
பெறுநர் பெயர் இரகசியம்.
எச்சில் தொட்டு அடுத்த தாள்.

பதிந்தவள் நான்.
நிரோஜினி ஒப்பம் வைத்ததும் என் பேனையால்தான்.
'தாயிடமும் சொல்லலாகாது' என்ற பந்திக்குக் கீழே
மை வரவில்லை;
உதறிக் கொடுத்தேன்.

அவள் இப்ப துணுக்காயில், இடமாற்றம்.
'கதவைச் சாத்திவிட்டு வா' என்பவர்
அதே அறையில், புது ஏசியோடு.
ஏசிக்கு இலக்கம் ஒட்டியாயிற்று.

பின்னேரம் ரயர் கிடைத்தது,
கன்ரீன் கிணற்றடியில், மழைத்தண்ணி நிரம்பி.
'வேற ஏதும் குறையுதோ, தங்கச்சி?'
'இல்லை சேர்.'

அவளுக்காவது ஒரு கடதாசி இருந்தது.
என்னிடம் ஒருவரும்
ஒப்பம் வாங்கியிருக்கவில்லை.