குதிரைப் பேணி

பேரின்பநாதன் என்று பெயர் வைத்த அப்பாவுக்குச்
சீனி வருத்தம் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை.
ஐம்பத்தாறு வயதில்
திருமலை பஸ் நிலையத்து நேரக்காப்பாளன் நான்.
மூதூர் பஸ், கிண்ணியா பஸ், ஐந்தே முக்கால் கொழும்பு,
எல்லாம் என் விசிலுக்கு எழும்பும்.
வீட்டில்தான் ஒன்றும் நேரத்துக்கு எழும்பவில்லை.

உனக்கு முதுகு காட்டிப் படுக்கப் பழகினேன்.
நீ ஒன்றும் கேட்கவில்லை.
மின்விசிறியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்,
இருவரும்.

மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு வான்,
அதன் தலையில் ஒலிபெருக்கி,
வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருகிறவன்.
பூனைக்காலி விதை, அமுக்கிராக் கிழங்கு,
நெருஞ்சில், சாதிக்காய், மலைத்தேன்.
"இயற்கை அண்ணை!
இயற்கைக்கு எங்கால பக்கவிளைவு?"
அலரிக்கொட்டையும் இயற்கைதான் என்பது
அந்த நேரம் எனக்கு நினைவு வரவில்லை.
மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
பேணியில் ஒரு குதிரை முன்னங்காலைத் தூக்கி நின்றது.
சவர்க்காரத்துக்கும் நெத்தலிக்கும் அடியில் ஒளித்து
வீட்டுக்குக் கொண்டுவந்தேன்,
கசிப்புக் கடத்துகிறவன்போல.

முதல் வெள்ளி. ஒரு கரண்டி.
முகம் காந்தியது, மூக்கடைத்தது,
பரவாயில்லை,
இருபத்தேழு வருஷத்துக்கு முந்திய ஒருவன்
எங்கேயோ பஸ் பிடித்து வந்து இறங்கினான்.
"இந்த நீலச் சட்டை உனக்கு வடிவு" என்றேன்.
நீ குனிந்து சட்டையைப் பார்த்தாய்.
சிரித்தாய்.
அது வெள்ளை என்று
சொல்லவில்லை.

நாலாவது வெள்ளி
கரண்டியைக் கழுவி வைக்கமுன் நெஞ்சு இறுகியது.
வழக்கம்போல நாக்குக்குக் கீழே
கிளினிக்கில் தந்த குளிசை.
குளிசை கரைந்தது.
கூடவே நானும்.

பெரியாஸ்பத்திரி.
பிறசர் எழுபதுக்கு நாற்பது என்று
யாரோ சிங்களத்தில் கத்தினார்கள்.
டொக்டர் நுஸ்ரத்,
எங்கள் மகளைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிசயம்,
"ஐயா, வேற ஏதும் மருந்து எடுத்தீங்களா?"
"இல்லை."
"நாட்டு மருந்து? லேகியம்?"
"இல்லை."
சுவரில் ஒரு பல்லி. அதைப் பார்த்தேன்.
"சொன்னாத்தான் என்ன செய்யக்கூடாதென்று எங்களுக்குத் தெரியும்."
சொல்வதா சாவதா என்று
உண்மையாகவே யோசித்தேன், திலகேஸ்.

நீ கைப்பையைத் திறந்தாய்.
குடையை எடுத்தாய்,
கிளினிக் கொப்பியை எடுத்தாய்,
பிறகு குதிரையை எடுத்து
என் கால்மாட்டில் வைத்தாய்.
"நாலு கரண்டி குறைஞ்சிருக்கு, டொக்டர்.
முதல் நாள் இவருக்கு
வெள்ளை நீலமாத் தெரிஞ்சது."

மூடியைத் திறந்து மணந்தாள் அந்தப் பிள்ளை.
"சோதிச்சால்தான் நிச்சயமாச் சொல்லலாம்.
ஆனா அரை மணித்தியாலத்தில வேலை செய்யிற வேர்
எதையும் நான் கேள்விப்படல்ல, ஐயா.
தேனுக்குள்ள யாரோ இங்கிலிஸ் குளிசைய
இடிச்சுப் போட்டிருக்காங்கபோல.
உங்கட நெஞ்சுக் குளிசையோட அது சேரவே கூடாது."
பிறகு குரலைத் தணித்து,
மிஸிக்கும் கேட்காதபடி:
"சின்னக் குழாய்தான் முதல்ல அடைக்கும்.
தளர்ந்ததே முதல் மணி.
அன்றைக்கே கிளினிக்கில சொல்லியிருக்கலாம்."

முதல் மணி.
முப்பது வருஷம் விசில் ஊதியவனுக்கு
அது கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் பஸ் நிலையத்தில் வந்து இறங்கினோம்.
வாழைப்பழத் தோலும் ரிக்கற்றும் தின்று வளர்ந்த
அந்தப் பழைய கலைமான்
என் சட்டைப் பையில் வாயை விட்டு
வான்காரன் தந்த நோட்டீஸை இழுத்தெடுத்தது,
குதிரையைத் தலையிலிருந்து சப்பத் தொடங்கியது.
"கொம்பு வைச்சிருக்கிறதுக்கும் தேவைப்படுது" என்றாய்.
பலத்துச் சிரிக்க வேண்டாமென்று
துண்டில் எழுதித் தந்திருந்தார்களா,
நினைவில்லை. சிரித்தோம்.

அன்றிரவு உன் பக்கம் திரும்பிப் படுத்தேன்.
மின்விசிறி தன்பாட்டில் சுற்றியது.
"சட்டை என்ன நிறம்?" என்று கேட்டாய்.
கரண்ட் போய்
ஒன்றும் தெரியாத இருட்டு வந்தபிறகு
கையால் தடவிப் பார்த்து
வெள்ளை என்றேன்.