முன்வாசல்

சிகாகோவுக்கு மேற்கே, சோளக்காடு முடிகிற இடத்தில்
நெடுஞ்சாலையைப் பார்த்து நிற்கிறது எங்கள் அலுவலகம்.
நான்கே மாடி. நீளம் மட்டும் கால் மைல்.
பழுப்புக் கண்ணாடியில் மேகம் போகும்,
உள்ளிருப்பவர் தெரியமாட்டோம்.

வரைந்தவர் முன்வாசலுக்குத்தான் உயிரைக் கொடுத்திருக்கிறார்.
கருங்கல் படிகள், ஒரு தடாகம்
(தீப்பிடித்தால் இறைக்க என்று பிறகுதான் தெரிந்தது),
வெண்கலச் சட்டமிட்ட சுழல்கதவு.

நடந்து வர யார் இருக்கிறார்கள் இங்கே?
மூவாயிரம் பேரும் காரை நிறுத்திவிட்டு
குப்பைத்தொட்டிகளை ஒட்டிய பின்கதவில்
அட்டையைக் காட்டி நுழைகிறோம்.
படிகள் வாத்துகளுக்கு.

காவலாளி மார்வெட் ப்ரூயிட்
தினமும் ஆறரைக்குச் சுழல்கதவுக்குள் புகுந்து
மூன்று சுற்று சுற்றிவிட்டு வருவாள்.
"சும்மா விட்டால் அச்சு இறுகிடும்."
எண்ணெய் அவள் கைக்காசு.

ஜனவரிப் புயலில் பின்கதவு உறைந்துபோனது.
வந்து சேர்ந்த நூற்றுச் சொச்சம் பேர்
சுவரைப் பிடித்தபடி கட்டடத்தைச் சுற்றினோம்.
ஆறு வருடத்தில் அன்றுதான் எண்ணினேன்:
படிகள் பதினெட்டு.

கதவு சத்தமில்லாமல் சுழன்றது.

மார்வெட் நிமிரவில்லை.
"காலைத் துடைச்சிட்டு வாங்க" என்றாள்,
மிதியடியைக் காட்டி.