இருநூற்று எட்டு

டுலூத்தில் ஏரி உறைந்து கிடக்கும் மாதங்களில்
செய்தி குறைவு.
பைஃபர் எழுதி அனுப்பினாள்:
ட்ரவுட் மீன் பிடிபட்டது
சென்ற குளிர்காலத்தைவிட 'த்ரீ டைம்ஸ் மோர்.'

சென்ற குளிர்காலம் எத்தனை என்றேன்.
நாற்பது.
இப்போது?
நூற்றிருபது.
அப்படியானால் 'த்ரீ டைம்ஸ் ஆஸ் மெனி.'
மோர் என்றால் நாற்பதோடு இன்னும் மூன்று நாற்பது,
நூற்றறுபது.
பிடிபடாத நாற்பது மீனை
வாசகன் தட்டில் வைக்காதே.

இதெல்லாம் யார் கவனிக்கிறார்கள், டவுனோ?
நான் கவனிக்கிறேன்.
பத்தொன்பது வருடமாக
அதற்குத்தான் சம்பளம்.

'ஃபைவ் டைம்ஸ் ஸ்மாலர்' என்று யாரோ எழுதினால்
கை தானாகச் சிவப்புக்குப் போகும்.
ஒரு மடங்கு குறைந்தாலே பூஜ்யம்.
ஐந்து மடங்கு குறைந்த பனிப்பாளம்
எந்தத் தண்ணீரில் மிதக்கும்?
ஐந்தில் ஒன்று என்று எழுது, போ.

ஒன்ஸ் இருக்கிறது, ட்வைஸ் இருக்கிறது.
த்ரைஸ் இருக்கிறது,
கல்யாணத்துக்கு வாங்கிய கோட்டு மாதிரி,
யாரும் போடுவதில்லை.
அதற்குமேல் ஆங்கிலத்துக்கு மூச்சு இல்லை.
நான்காம் தடவைக்குத் தனிச் சொல் கிடையாது.

நகராட்சி ஒருமுறை அறிவித்தது:
குப்பை வண்டி 'பை-வீக்லி' வரும்.
பாதித் தெரு வாரத்துக்கு இரண்டு நாள் தொட்டியை வெளியே வைத்தது.
மீதித் தெரு இரண்டு வாரத்துக்கு ஒரு நாள்.
நரிகளுக்கு நல்ல மாதம்.
எங்கள் மேசை விதி தெளிவானது:
பை என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை,
செமி என்றால் வாரத்தில் இருமுறை.
ஆனாலும் இரண்டையும் அடித்துவிட்டு
விரித்து எழுது.
அப்படித்தான் அச்சிட்டோம்.
அலுவலகத் தொலைபேசி ஓய்ந்தது.

அதே மார்ச்சில்
நானும் மாரித்தும் ஒரு தாளில் கையெழுத்திட்டோம்.
பக்கம் நான்கு, பத்தி இரண்டு:
தந்தை மகனைப் 'பை-வீக்லி' சந்திக்கலாம்.
என் மேசைக்கு வந்த தாளாக இருந்தால்
அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டிருப்பேன்.
அன்று பேனா மாரித்தின் வக்கீலுடையது.
நீல மை.
மேசை விதிப்படி படித்தேன்,
மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை,
சரியாகப் பத்து மணி.
இரண்டு வருடம் ஒரு சனியும் தவறவில்லை.
பனிப்புயலிலும் போனேன்.
என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போன மாதம் பள்ளி வாகன நிறுத்தத்தில்
எஞ்சினை அணைக்காமல் மாரித் கேட்டாள்:
புதன்கிழமைகளில் நீ ஏன் வருவதே இல்லை?
எந்தப் புதன் என்றேன்.
வாரத்துக்கு இருமுறை என்றுதானே எழுதினோம்,
புதனும் சனியும்.
முதல் வருடம் அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு
கதவருகே உட்கார்ந்திருப்பான்.
உன்னிடம் கேட்டுக் கெஞ்ச
எனக்கு மனம் வரவில்லை.

வண்டியின் புகை எங்கள் இருவருக்கும் நடுவே நின்றது.
அவளும் தப்பில்லை.
அகராதி இரண்டு பொருளையும் தருகிறது,
முதலாவது, இரண்டாவது என்று எண் போட்டு.

இரவுப் பதிப்பு போனபின்
ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
நான் போனது ஐம்பத்திரண்டு.
எனக்கு இருந்தது இருநூற்று எட்டு.
ஃபோர் டைம்ஸ் ஆஸ் மெனி.
அல்லது
த்ரீ டைம்ஸ் மோர்.
இரண்டும் சரி.
இதுவரை என் மேசைக்கு வந்த 'மோர்'களில்
கணக்கு ஒத்துப்போனது இது ஒன்றுதான்.
அடிக்க இடமில்லை.

நேற்று புதன்.
விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.
மாரித் கதவைப் பாதி திறந்தாள்.
சோரன் இல்லை, ஹாக்கிப் பயிற்சி.
எப்போதெல்லாம் என்று கேட்டேன்.
இந்தத் தடவை கேட்டேன்.

எவ்ரி வெட்னெஸ்டே, என்றாள்.

அதில் திருத்த ஒன்றுமில்லை.