தலைக்கணக்கு

தை மூன்றாம் வியாழன்
நகரசபை எனக்கோர் அட்டை தந்தது,
படத்தோடு, கழுத்தில் தொங்க.
என் பெயரில் இரண்டெழுத்துக் குறைவு.
இருக்கட்டும்,
மோந்து பார்க்கப்போவது நாய்கள்தானே.

போன குடிமதிப்பில் ஐநூற்றுப் பன்னிரண்டு.
கோப்பிக்குள் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே
மேயர் கிஸ்லேன் சொன்னாள்:
"ஐநூறுக்குக் கீழே விழாமல் பார்த்துக்கொள்."
ஏதோ நான்
ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் மாதிரி.

மொந்தாலியேயில் ஸ்டேஷன் உண்டு, ரயில் இல்லை.
தண்டவாளம் கழற்றிய இடத்தில் சைக்கிள் பாதை,
சைக்கிளும் இல்லை.
வெதுப்பகம் மூடிய சுவரில் ஓர் இயந்திரம்
ஒரு யூரோ இருபதுக்குப் பாண் துப்பும்,
சில நாள் காசை மட்டும் விழுங்கும்.
சதுக்கத்தின் நடுவில் மாட்டுத் தராசு.
இரும்புப் பலகையில் ஏறி நின்று பார்த்தேன்.
முள் அசையவில்லை.
ஒரு கன்றுக்குக் குறைந்ததை
அது பொருட்படுத்துவதில்லை.

சலவைத்துறைத் தெரு, பதினொன்று:
தபால் பெட்டிக்குள் குருவிக்கூடு.
பதினைந்து: ஒல்லாந்துக்காரர், கோடைக்கு மட்டும்.
பதின்மூன்றில் மொசியு பஸ்தியே.
வீட்டில் எத்தனை பேர் என்றேன்.
முகட்டைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார்,
"இரண்டு."
மற்றவர் புரட்டாதியிலிருந்து
லிமோஜ் ஆஸ்பத்திரியில்.
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்குமா?
தேடினேன், இருந்தது.
திரும்பி வருவாரா என்பதற்குத்தான் இல்லை.

பழைய பள்ளிக்கூடத்து மேல்மாடி.
கதவு விரலளவு திறந்தது.
அட்டையைப் பார்த்தவள் கண்ணில்
நான் பொலிஸ்.
"ஆள் இல்லை" என்றாள்,
ஆளாக நின்றுகொண்டே.
உள்ளே ஒரு பிள்ளை இருமியது,
இன்னொன்று அதன் வாயைப் பொத்தியது.

எனக்கு அந்த விரலளவு தெரியும்.
லாச்சப்பலில் ஓர் அறைக்குள் பதினொரு பேர்.
தட்டும் சத்தம் கேட்டால்
குக்கரின் விசிலைக்கூடத் தூக்கிவிடுவோம்.
அந்த வருசம் எந்தக் கணக்கிலும்
நாங்கள் பாரிஸில் இல்லை.

மாலை, நகரசபை ஹீட்டருக்குப் பக்கத்தில்
மூன்று தரம் கூட்டினேன்.
நானூற்றுத் தொண்ணூற்றாறு.
கிஸ்லேன் ஒன்றும் சொல்லவில்லை,
குடித்து முடித்த கோப்பைக்குள்
கரண்டியைப் போட்டுச் சுழற்றினாள்.

இந்த ஊர்த் தேவாலய மணி
ஒவ்வொரு நேரத்தையும் இருமுறை அடிக்கும்,
இரண்டு நிமிச இடைவெளியில்.
முதல் தரம் எண்ணத் தவறியவர்களுக்காக என்கிறார்கள்.
அன்று ஆறு அடித்தது.
பிறகு இன்னொரு ஆறு.

மறுநாள் அட்டையைக் கோட்டுக்குள் தள்ளிவிட்டு
அந்தப் படிகளில் ஏறினேன்.
இந்தத் தாளைப் பொலிஸ் பார்க்காது,
நானும் ஒரு காலத்தில்
ஆள் இல்லை என்று சொன்னவள் என்றேன்.
என் பிரெஞ்சு அவளுக்குப் பாதிதான் புரிந்தது.
விரலளவு, சாணளவானது.
அவளின் முழங்கைக்குக் கீழே
ஒரு பொடியன் தலையை நீட்டினான்.
எத்தனை பேர்?

ஒரு கையை விரித்துக் காட்டினான்.
பிறகு பெருவிரலை மடக்கினான்.
தாயை ஒருதரம் பார்த்தான்.
மறுபடி விரித்தான்.